மடிப்புக்கு ஒரு சாண்

மெத்தைக்காரர் எந்த அளவையும் உள்ளபடி சொன்னவர் இல்லை. பொய் சொல்கிறவர் என்று யாரும் அவசரப்பட்டு முடிவுக்கு வர வேண்டாம். அவர் தொழில் அப்படி. பழைய சோபாவுக்குப் புதுத் துணி போர்த்துகிறவர் சோபாவின் அளவுக்கே துணியை வெட்டினால், துணி விளிம்பு வரை வந்து முறைத்துக்கொண்டு நிற்கும். இழுத்துப் பிடிக்க வேண்டும், அடியில் மடிக்க வேண்டும், மடித்ததை ஆணி அடித்து நிறுத்த வேண்டும். அதற்கெல்லாம் துணி வேண்டாமா? அதனால் சின்ன குஷனுக்கு இரண்டு விரல், நாற்காலிக்கு ஒரு கை அகலம், பெரிய சோபாவுக்குப் பக்கத்துக்கு ஒரு சாண் என்று சேர்த்துத்தான் அவர் வாய் அளவைச் சொல்லும். கண் டேப்பில் ஒன்றைப் பார்க்கும், வாய் வேறொன்றைச் சொல்லும். நடுவில் கூட்டல் ஒன்று நடந்ததே அவருக்குத் தெரியாது.

அவர் சொல்லச் சொல்ல மனைவி சாக்குக்கட்டியால் மேசையில் குறித்துக்கொள்வாள். பிறகு அந்த அளவுக்கு வெட்டித் தைப்பாள். கல்யாணம் ஆன மறுவாரத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. அவர் சொன்ன அளவை அவள் திருப்பிக் கேட்டதில்லை. துணி பற்றவில்லை என்று ஒரு நாளும் அவர் முன்னால் போய் நின்றதும் இல்லை. தெருவில் அவளுக்குத் தையலக்கா என்று பெயர். அவளை விட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

தொழிலில் வந்த பழக்கம் தொழிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளுக்கு வாங்கிய செருப்பெல்லாம் அவள் நடக்க நடக்கப் பின்னால் தனியாக நடந்து வந்தது. ஊருக்குப் போக வேண்டுமென்றால் பேருந்து நிலையத்தைத் திறந்து வைக்கப் போகிறவர் மாதிரி முதல் ஆளாகப் போய் நிற்பார். மகள் கல்யாணத்துக்கு நாற்காலி எடுத்ததிலும் பக்கத்துக்கு ஒரு சாண் விட்டிருப்பார் போலிருக்கிறது. பாதி நாற்காலிகள் யாரும் உட்காராமலேயே திரும்பிப் போயின. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பற்றாமல் போவதை விட மீந்து போவது மேல் என்று அவர் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

அந்த மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகுதான் தையல் இயந்திரம் கடைக்கு வந்தது. அதுவரை அவள் வீட்டில்தான் தைத்தாள். சமையலறைக்கு ஒட்டினாற்போல ஒரு இடுக்கு. முகத்துக்கு நேரே சுவர், தலைக்கு மேலே பகலிலும் எரியும் விளக்கு. வெளியே மழை பெய்கிறதா வெயில் அடிக்கிறதா என்பதே கணவர் வந்து சொன்னால்தான் தெரியும். ஒரு நாள் காலையில் அவர் தள்ளுவண்டிக்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்து, இயந்திரத்தைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டார். வீட்டில் தனியாக இருந்து யாரோடு பேசப் போகிறாய் என்று மட்டும் கேட்டார். கடையின் முன்பக்கம் இருந்த பெரிய கண்ணாடி ஜன்னலில் விற்பனைக்கு வைத்திருந்த இரண்டு சோபாக்களைப் பின்னால் நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் இயந்திரத்தைப் போட்டார். அவர் எப்போதும்போல் கடையின் பின்கோடியில், குண்டு விளக்குக்குக் கீழே, ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். தூசியும் சத்தமும் அங்கேயே கிடக்கட்டும் என்பது அவர் கட்சி.

ஜன்னலுக்கு வந்த பிறகு அவளுக்குத் தெரு முழுக்கச் சொந்தமாகிவிட்டது. தபால்காரருக்கு எந்த முழங்காலில் வலி என்று தெரியும். வங்கிக்காரர் தலைக்குச் சாயம் போட்ட மறுநாள் ஏன் தொப்பியோடு வருகிறார் என்று தெரியும். போகிறவர்கள் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனார்கள். எதிர்க்கடைச் சாவிக்காரர், அக்கா முகமே தெளிஞ்சு போச்சு என்று சொன்னார். சும்மா இருங்க என்று அவள் அவரை அடக்கினாள். ஆனால் அவர் சொன்னது உண்மை. தன் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை. இதை யாரிடமும் சொன்னதும் இல்லை. சொல்லக்கூடிய விஷயமாக அவளுக்குத் தோன்றவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் நகராட்சி சொத்து வரியைத் திருத்தியது. தெருவில் வண்டி ஓட்டம் கூடிவிட்டதாம், அதனால் கடைகளின் மதிப்பும் கூடிவிட்டதாம். மெத்தைக்காரரின் சொந்தக் கடைக்கு வந்த வரி நோட்டீஸில் தொகை பழையதைப் போல இரண்டு மடங்கு. அவர் அதைக் குண்டு விளக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். எங்காவது மடிப்புக்கு விட்டிருக்கிறார்களா என்று தேடியிருப்பார்.

சாவிக்காரர்தான் சேதி கொண்டுவந்தார். சின்னக் கடைக்கு வரிச் சலுகை இருக்கிறது. இருப்பது ஒரே கடையாக இருக்க வேண்டும், சொந்தக்காரரே அதில் வேலை செய்ய வேண்டும், கடை சின்னதாக இருக்க வேண்டும். தான் எழுதிப் போட்டதாகவும், உடனே கிடைத்துவிட்டதாகவும் சொன்னார். கிடைக்காமல் என்ன? அவர் தும்மினால் நாலு சுவரிலும் தொங்கும் சாவிகள் ஒன்றாகக் குலுங்கும், அவ்வளவு பெரிய கடை அது. நம்முடையதும் சின்னக் கடைதானே என்று மெத்தைக்காரரும் விண்ணப்பம் வாங்கி வந்தார். எவ்வளவு வரைக்கும் சின்னது என்று விண்ணப்பத்தில் போட்டிருக்கவில்லை. நீளம், அகலம், பரப்பளவு என்று கட்டங்கள் மட்டும் இருந்தன.

அளவு என்றதும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அரசாங்கம் அவருக்குத் தெரிந்த கேள்வி ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தடவை. டேப்பை எடுத்துக்கொண்டு சுவருக்குச் சுவர் போனார். குனிந்தார், நிமிர்ந்தார், மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கினார். ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே அவள் பேனாவை எடுத்தாள். அவர் சொன்னார், அவள் எழுதினாள். எப்போதும்போல. பெருக்கிப் பார்த்ததில் இருநூற்று முப்பத்தைந்தே முக்கால் சதுர அடி வந்தது. அவர் இரண்டு தடவை பெருக்கிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

பதில் வருவதற்குள் அவர்கள் அந்தச் சலுகையை மனதுக்குள் பெற்றே விட்டார்கள். வந்த கடிதமோ வேறு மாதிரி இருந்தது. சலுகை இருநூறு சதுர அடி வரைதான். தங்கள் கடை அதற்கு மேற்பட்டிருப்பதால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் மறு அளவீடு கேட்கலாம்.

“அளந்தது நாமதானே,” என்றார் மெத்தைக்காரர். “நம்ம அளவுக்கு நாமே ஆட்சேபம் எழுதறதா?”

அதுவும் நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் அவர் ஆணி அடித்த சத்தம் சரியாக இல்லை. பிறகு ஒரு மாலையில், கடையைச் சாத்தும் நேரத்தில், தொண்டையைக் கனைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். செல்போன் கவர் விற்கிற ஒருவர் இந்தத் தெருவில் இடம் தேடிக்கொண்டிருக்கிறார். கடைக்குக் குறுக்கே ஒரு தடுப்பு வைத்து, முன்பாதியை அவருக்கு வாடகைக்கு விட்டால் வரிக்குச் சரியாக இருக்கும். பின்பாதியில் அவர் வேலை செய்துகொள்வார். தையல் இயந்திரத்தைத்தான் மறுபடி வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியிருக்கும்.

முன்பாதி என்றால் ஜன்னல். அவள் சாவியைக் கைப்பையில் தேடுவது போல தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டிலேயே தைத்துக்கொள்கிறேன், நடந்து வருகிற வேலையாவது மிச்சம், காலுக்கும் நல்லதுதான் என்றாள். ஆமாம், காலுக்கு நல்லது என்று அவரும் ஒப்புக்கொண்டார். அவள் காலில் ஒரு கோளாறும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அன்று வழியெல்லாம் இரண்டு பேரும் காலைப் பற்றியே பேசிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து தையலில் மனம் நிற்கவில்லை. தபால்காரர் கண்ணாடியைத் தட்டினால் மனம் கலங்கியது. அந்த இடுக்கும் அந்த விளக்கும் தனக்காகக் காத்துக்கொண்டிருப்பதாக நினைக்கும்போதே மூச்சு முட்டியது. பெரிய துக்கமா இது, ஒரு ஜன்னலுக்குப் போய் இப்படியா என்று தன்னைத் தானே அதட்டிப் பார்த்தாள். அதட்டலுக்கு மனம் மசியவில்லை.

தடுப்பைச் செய்து தரத் தச்சரிடம் சொல்லியாயிற்று. தச்சருக்குக் கையில் வேலை அதிகம். நேரில் வந்து அளக்க நேரமில்லை, நீங்கதான் அளவுல புலியாச்சே, போன்லயே சொல்லுங்க என்றிருந்தார். மெத்தைக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடையின் அகலத்தை அளந்து போனிலேயே சொன்னார்.

தடுப்பு ஒரு காலை வேளையில் வண்டியில் வந்து இறங்கியது. நல்ல கனமான மரச்சட்டம், மேலே பலகை. தச்சரும் அவருடைய ஆளும் அதை வாசல் வழியாகச் சாய்த்து உள்ளே கொண்டுவந்து, குறுக்கே நிறுத்தப் பார்த்தார்கள். நிற்கவில்லை. ஒரு முனை இந்தச் சுவரில் இடித்தால் மறுமுனை அந்தச் சுவரில் ஏறி உட்கார்ந்தது. சாய்த்துப் பார்த்தார்கள், தலைகீழாக்கிப் பார்த்தார்கள். தச்சருக்கு வியர்த்துவிட்டது. அவர் இயல்பிலேயே கொஞ்சம் முன்கோபி.

“அண்ணே, இது உங்க கடைக்குத் தடுப்பா? இல்ல பக்கத்துக் கடையையும் சேத்து அடைக்கப் போறீங்களா?”

மெத்தைக்காரர் அளந்துதான் சொன்னேன் என்று சாதித்தார். பதினொன்றரை அடி, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு என்றார். தச்சர் இரும்பு டேப்பை எடுத்துச் சர்ரென்று இழுத்தார். பத்து அடி. அதற்கு மேல் ஒரு நூல் இல்லை. சட்டத்தில் மீதி ஒன்றரை அடி, அந்தப் பக்கம் முக்கால், இந்தப் பக்கம் முக்கால்.

இயந்திரத்தின் சத்தம் நின்றது. தையலக்கா எழுந்து வந்தாள். சட்டத்தின் முனையில் கையை விரித்து வைத்துப் பார்த்தாள். சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரல் வரைக்கும் சரியாக ஒரு சாண். மறுமுனைக்குப் போய் அங்கேயும் வைத்தாள். அங்கேயும் ஒரு சாண். அந்தச் சாணை அவளுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதை மடித்து மடித்துத் தைத்து வருகிறவள் அவள்தான்.

“ஏங்க,” என்றாள். “சுவருக்கு எதுக்குங்க மடிப்பு?”

அவருக்குப் புரியவில்லை. அவள் இன்னும் பக்கத்தில் வந்தாள். அவள் குரல் தணிந்துவிட்டது.

“நகராட்சிக்கு எழுதினப்ப நீங்க சொன்னது எந்த அளவு?”

அவர், நீதானே எழுதினே என்று முணுமுணுத்தார். நீங்க சொன்னதைத்தானே எழுதினேன் என்றாள் அவள். சொல்லும்போதே அவளுக்கும் சுருக்கென்றது. அவர் வாய் எப்படிப்பட்ட வாய் என்று அவளுக்குத் தெரியாதா? தினமும் கூட்டிப் பெருக்குகிற கடை, இவ்வளவு பெரியதா என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருந்தால் போதும். அவர் சொன்னார் என்றதும் கை தானாக எழுதிவிட்டது. அவர் வாய்க்கு ஒரு பழக்கம் என்றால் அவள் கைக்கும் ஒரு பழக்கம்.

பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பீறிக்கொண்டு வந்தது. சட்டத்தையே பிடித்துக்கொண்டு சிரித்தாள். தடுப்பு உள்ளே போகவில்லை என்பதற்கு ஒரு பெண் இப்படிச் சிரித்துத் தச்சர் பார்த்ததில்லை. சட்டத்தை அறுத்துச் சரி செய்து தருகிறேன், ஆனால் கூலி தனி என்று அவர் விறைப்பாகச் சொன்னார்.

“அறுக்க வேணாம் அண்ணே,” என்றாள் அவள். “அப்படியே ஓரமா சாத்தி வைங்க. கூலியை வாங்கிக்கங்க.”

தச்சர் போன பிறகு கடையை மறுபடி அளந்தார்கள். இந்தத் தடவை டேப்பின் ஒரு முனை அவள் கையில். கண்ணுக்குத் தெரியறதை மட்டும் சொல்லுங்க என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அப்படியும் முதல் சுவருக்கு அவர் வாய் நழுவிவிட்டது. அவள் ஒரு பார்வை பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினார். அகலம் பத்து, நீளம் பத்தொன்பது. நூற்றுத் தொண்ணூறு சதுர அடி. எல்லைக்கு உள்ளேதான். ஆனால் பெரிய இடைவெளி ஒன்றும் இல்லை. தொட்டிலுக்குப் போடுகிற குட்டி மெத்தை ஒன்றைத் தரையில் விரித்தால் தீர்ந்துவிடும் இடைவெளி.

மறு அளவீடு கேட்கலாம் என்று அவள் சொன்னபோது மெத்தைக்காரர் நழுவப் பார்த்தார். ஒரு மாதத் தவணை கிட்டத்தட்ட முடியப் போகிறது, இனிமேல் எங்கே என்றார். செல்போன் கவர்க்காரரிடம் வாக்குக் கொடுத்தாயிற்று என்றார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

“அளவு தப்புன்னு எழுதிக் குடுக்கச் சொல்றியே. இந்தக் கைக்கு அளவு தப்பாச்சுன்னு இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல தெரியுமா?”

“தெரியும்,” என்றாள். “எனக்கு அந்த ஜன்னல் வேணுங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். காலைப் பற்றியோ வரியைப் பற்றியோ வாடகையைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. சொன்ன பிறகு, இதையா இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தோம் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. அவர் அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் நல்ல சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார்.

நகராட்சி அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் எச்சரித்தார். மறு அளவீட்டில் வருவதுதான் முடிவு. கூடுதலாக வந்தால் கூடுதலாக வரி கட்ட வேண்டும், அப்புறம் வந்து அழக்கூடாது. காரணம் என்ற இடத்தில் என்ன போடட்டும் என்று கேட்டார். மெத்தைக்காரர் கூரையைப் பார்த்தார். அவள்தான் விளக்கினாள். அலுவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடுத்த மேசைக்காரரைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். இரண்டு பேரும் சிரித்துவிட்டு, அளவில் பிழை என்று எழுதிக்கொண்டார்கள். மெத்தைக்காரருக்குப் பிழை என்ற சொல் பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அளக்க வந்தவர் ஒரு பெண் அதிகாரி. தோளில் பை, காலில் ஓடுகிறவர்கள் போடுகிற ஷூ, கையில் டேப்புக்குப் பதிலாக ஒரு சின்னக் கருவி. அதைச் சுவரில் வைத்து அழுத்தினால் எதிர்ச்சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழுகிறது, இங்கே எண் வந்துவிடுகிறது. மெத்தைக்காரர் அந்தப் புள்ளியை எலியைப் பார்க்கிற பூனை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவே கூடாது என்று மனைவி சொல்லி வைத்திருந்தாள். அளவு விஷயத்தில் அந்த வாயை அவள் இனி நம்புவதாக இல்லை.

அகலம் ஆயிற்று. நீளம் ஆயிற்று. அதிகாரி எண்களைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று தெரிந்தது. தையலக்கா மூச்சு விட்டாள். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“மேடம், அந்த மெத்தைக்குப் பின்னால சுவர் கொஞ்சம் உள்ள போகும். முன்னாடி அங்க ஒரு அலமாரி இருந்துச்சு. அதையும் சேத்துக்கணும்ல?”

பின்சுவரோரம் ஒரு பெரிய மெத்தை எப்போதும் நிமிர்ந்து நிற்கும். அது அங்கேயே இருப்பதால் அதுவும் சுவரில் சேர்ந்ததாகவே ஆகிவிட்டிருந்தது. அவர்கள் இரண்டாவது தடவை அளந்தபோதும் அதை நகர்த்தவில்லை. அதற்குப் பின்னால் ஒரு குழிவு இருப்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. இருந்த இடைவெளியோ ஒரு தொட்டில் மெத்தை. குழிவில் நிற்பதோ முழு மெத்தை. கத்தரிக்கோல் அப்போது அவள் கையில் இல்லாதது மெத்தைக்காரரின் நல்ல காலம்.

அதிகாரிக்கே ஆச்சரியம். அளக்கப் போன இடத்தில் குறைத்துச் சொல்கிறவர்களைத்தான் அவர் பார்த்திருப்பார். மெத்தைக்காரர் அதற்குள் மெத்தையைக் கட்டிப்பிடித்து இழுத்து ஓரமாகச் சாய்த்துவிட்டார். தூசி பறந்தது. உள்ளே போய் நின்றுகொண்டு, இதோ இவ்வளவு என்று கையை விரித்துக் காட்டினார். அவர் நிற்பதைப் பார்த்த மனைவிக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அது இறங்கியும் விட்டது. இத்தனை வருடம் எந்த வாடிக்கையாளருக்கும் ஒரு விரல் துணி குறைத்து வைக்காத மனிதர் இவர். இன்றைக்கு மட்டும் குறைத்துக் காட்டச் சொன்னால் அந்தக் கை எப்படிக் கேட்கும்? ஜன்னல் போனால் போகட்டும், இவர் இப்படியே இருக்கட்டும் என்று ஒரு கணம் அவளுக்கு மனதாரத் தோன்றியது. அடுத்த கணமே, கடவுளே, ஜன்னலும் போக வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள்.

சிவப்புப் புள்ளி குழிவுக்குள் போய் விழுந்தது. அதிகாரி ஏதோ தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். மெத்தை படுத்தால்தான் இடத்தை அடைக்கும். நிற்கிற மெத்தைக்கு ஓரடி ஆழம் போதும். பதற்றத்தில் இது யாருக்கும் தோன்றவில்லை.

“நூத்தித் தொண்ணூத்தாறு,” என்றார் அதிகாரி. “இருநூறுக்குள்ளதான் இருக்கு. என் ரிப்போர்ட்ல இதைத்தான் எழுதுவேன்.”

தையலக்கா அருகில் கிடந்த சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கு இன்னும் துணி போர்த்தியிருக்கவில்லை, ஸ்பிரிங் குத்தியது. அப்படியும் எழுந்திருக்கவில்லை.

முதலில் ஏன் இருநூற்று முப்பத்தைந்து என்று கொடுத்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். மெத்தைக்காரர் மறுபடி கூரையைப் பார்க்கத் தொடங்கினார். இந்தத் தடவை அவள் உதவிக்குப் போகவில்லை. அவரே சொல்லட்டும் என்று இருந்துவிட்டாள். அவர் ஒரு குஷனை எடுத்துத் திருப்பி, அடியில் மடித்து அடித்திருந்த துணியைக் காட்டினார். வெளியே தெரிகிற துணி இவ்வளவு, உள்ளே போகிற துணி இவ்வளவு, உள்ளே போகிறது இல்லையென்றால் வெளியே இருப்பது நிற்காது என்று சொன்னார். அதே ஞாபகத்தில் சுவருக்கும் விட்டுவிட்டேன் மேடம் என்று முடித்துவிட்டு அசடு வழிந்தார். அதிகாரி அந்தக் குஷனை வாங்கி மடிப்பைத் தடவிப் பார்த்தார். சிரித்தார். சுவரை மடிக்க மாட்டீங்கதானே என்று கேட்டுவிட்டு, டீகூட வேண்டாமென்று பையை மாட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

சலுகை கிடைத்த கடிதம் வந்த அன்று சாவிக்காரர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். தனக்கே கிடைத்தது போல அவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கூடவே மடிப்புக் கதையும் திரிந்தது. ரொம்ப நாளைக்கு மெத்தைக்காரரைப் பார்த்தவர்கள், இன்னைக்குச் சுவருக்கு எவ்வளவு விட்டீங்க என்று கேட்காமல் போகவில்லை. செல்போன் கவர்க்காரருக்கு நாலு கடை தள்ளி இடம் கிடைத்துவிட்டது. ஜன்னல் பக்கமாகப் போகும்போது அவரும் கண்ணாடியைத் தட்டிவிட்டுத்தான் போனார்.

ஓரமாகச் சாத்தி வைத்திருந்த தடுப்புதான் மிச்சம். நல்ல மரம், வீணாகக் கிடக்க வேண்டாம், ஜன்னலோரம் உனக்குத் துணி விரித்து வெட்ட ஒரு மேசை செய்து போட்டுவிடலாம் என்றார் மெத்தைக்காரர். அவளுக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. ஒரு விஷயத்தை மட்டும் உறுதியாகச் சொல்லிவிட்டாள். ஜன்னல் அகலத்தை அவளே அளந்து, ஒரு காகிதத்தில் எழுதி, அதைத் தச்சரிடம் அப்படியே கொடுக்கச் சொன்னாள். வாயால் எதுவும் சொல்லக்கூடாது. அவரும் தலையை ஆட்டிக்கொண்டு காகிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மேசை வந்தது. தச்சர் அதை ஜன்னலுக்குக் கீழே போட்டுவிட்டு, எதற்கும் ஒதுங்கி நின்றார். மேசை ஜன்னலைத் தாண்டி ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு சாண் இல்லை, நல்ல இரண்டு முழம்.

தையலக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். பட்டும் புத்தி வரவில்லையே, ஜன்னலுக்கும் மடிப்பா, காகிதத்தில் எழுதிக் கொடுத்ததும் வீணா என்று பொரிந்து தள்ளினாள். அக்கா, எனக்குக் குடுத்த காகிதத்துல இந்த அளவுதான் இருந்துச்சு என்றார் தச்சர். அவள் எழுதியது அடிக்கப்பட்டு, அதன் கீழே வேறு எண் இருந்தது. கோணல் மாணலாக, அவர் கையெழுத்தில்.

மெத்தைக்காரர் கடையின் பின்கோடிக்குப் போனார். குண்டு விளக்கை அணைத்தார். முக்காலி, சுத்தியல், ஆணி டப்பா மூன்றையும் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மேசை நீட்டிக்கொண்டிருந்த பக்கம் முக்காலியைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, ஆணி டப்பாவை மேசைமேல் வைத்தார். வெளிச்சம் பழகாத கண்ணை இடுக்கிக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

“இது மடிப்புக்கு விட்டதில்ல,” என்றார். “எனக்கு.”

வெளியே தபால்காரர் கண்ணாடியைத் தட்டினார். இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். பிறகு அவள் உட்கார்ந்து, துணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கத்தரிக்கோலை நகர்த்தி வைத்து அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டாள்.